பிரதி ஏகாம்பரம்

1957ஆம் வருஷம் ஜூன் மாதம் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, பிச்சாட்டூருக்கு மூன்று மைல் தள்ளியிருக்கும் அல்லிக்கண்டிகையில், சாவடிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

நோட்டீஸை அனுப்பியது திருப்பதியில் இருந்த எல்லை அபிப்பிராயத் தனி அலுவலகம். ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் இடையில் கோடு எங்கே விழ வேண்டும் என்று பெரிய இடங்களில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பேச்சுக்கும் இந்த அலுவலகத்துக்கும் என்ன உறவு என்று யாருக்கும் தெரியாது. ஆந்திரா அதிகாரிகள் அதைச் சென்னையின் அலுவலகம் என்று நினைத்தார்கள். சென்னை அதிகாரிகள் அது ஆந்திராவுடையது என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை கருதி விசாரிக்கவில்லை. அலுவலகம் இடையூறில்லாமல் நடந்தது.

நோட்டீஸில் இப்படி இருந்தது:

“எல்லை என்பது நிர்வாகத்தின் தேவை. குடிகளின் மனத்தாங்கல் காலப்போக்கில் நீங்கும் தன்மையுடையது. ஆயினும் குடிகளின் அபிப்பிராயம் கேட்கப்படும். ஒவ்வொரு கிராமமும் தன் பிரதிநிதியின் பெயரை அனுப்பவும். அபிப்பிராயம் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும். கேட்கப்பட்ட அபிப்பிராயம் கேட்கப்பட்டதாகவே கருதப்படும்.”

அல்லிக்கண்டிகைக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. ஊருக்கு மேற்கே ஏரி. கிழக்கே கழனி. நடுவில் கரை. கரையின் மேலேயே கோடு வரப்போகிறது என்று புத்தூர்ச் சந்தையில் பேச்சு. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசுகிற ஊர் அது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கத்திலும் உண்டு. எந்த ராஜ்யம் என்பதைப் பற்றி அவர்களுக்குள் சண்டை வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “எந்தப் பக்கம்னா போட்டுக்கட்டும்பா. ஏரியையும் கழனியையும் சேத்துப் போடச் சொல்லு” என்றார். கூட்டம் அத்துடன் முடிந்தது. பிரதிநிதியாகக் கன்னையாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் தப்பில்லாமல் மனு எழுதக்கூடியவன் அவன்தான்.

கன்னையா நாடகமும் எழுதுவான். ஆடி மாதம் எல்லையம்மன் திருவிழாவுக்கு அந்த வருஷம் புது நாடகம் போடுவதாக ஏற்பாடு. சாவடி நோட்டீஸை நாலு தடவை படித்துவிட்டு வீட்டுக்குப் போனவன், ஒரே வாரத்தில் ‘சூத்திரகேது’ என்ற நாடகத்தை எழுதி முடித்தான். சூத்திரகேது ஒரு கொடிய ராஜா. கையில் எப்போதும் அளவுக் கயிறு வைத்திருப்பான். ஏரியின் நடுவே கயிறு பிடித்து அதை இரண்டு ராஜ்யமாக்குவான். குடிகள் அழுவார்கள். கடைசியில் ஏரி உடைத்துக்கொண்டு வந்து ராஜாவையும் கயிற்றையும் அடித்துப் போகும்.

ராஜா வேஷம் ஏகாம்பரத்துக்கு. பன்னிரண்டு வருஷமாக ஊரில் வில்லன் வேஷம் அவருக்குத்தான். கன்னையாவின் அக்கா தாட்சாயணியின் புருஷன். இரண்டாம் மதகுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் கழனி. வீட்டில் பூனையை விரட்டுவதற்குக்கூடப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவர். ஆனால் கிரீடம் வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறந்தால் முன்வரிசைக் குழந்தைகள் பின்வரிசைக்குப் போய்விடும்.

சர்ச்சைக்குரிய பகுதியில் நாடகம் போட அந்தத் தனி அலுவலகத்திடமே அனுமதி வாங்க வேண்டும். கன்னையா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தான். நான்காம் கட்டம், கதாநாயகன். ஐந்தாம் கட்டம், பிரதிநாயகன். வில்லனுக்குத் தெலுங்கிலும் சரி, படித்தவர்களின் தமிழிலும் சரி, அதுதான் பெயர். அந்தக் கட்டத்தில் ‘ஏகாம்பரம், த/பெ முனுசாமி’ என்று எழுதினான். விதிப்படி வசனத்தையும் இணைத்தான். பிரதிநிதி கன்னையா என்ற கடிதத்தையும், ஏரி பற்றிய மனுவையும், விண்ணப்பத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினான். அதுதான் அவன் செய்த தப்பு.

திருப்பதி அலுவலகத்தில் உறைகளைப் பிரித்துப் பதிகிறவர் சிட்டிபாபு என்ற குமாஸ்தா. அவருடைய ரிஜிஸ்டரில், வந்திருப்பவர் யார் என்று எழுதும் கட்டம் ஒரு விரல் அகலம். அதில் ‘பிரதிநிதி’ கொள்ளாது. ‘பிரதிநாயகன்’ அதைவிடக் கொள்ளாது. சிட்டிபாபு இரண்டையும் ‘பிரதி.’ என்றே எழுதுவார். ஒரு கிராமத்துக்கு ஒரு பிரதிதான் என்பதால் இரண்டாவதாகக் கண்ணில் பட்டதை அடித்துவிடுவார். அன்று இரண்டாவதாகக் கண்ணில் பட்டது கன்னையா.

ஜூலை முதல் வாரத்தில் சம்மன் வந்தது. “அல்லிக்கண்டிகை பிரதி. ஏகாம்பரம், தாம் எழுத்து மூலம் தெரிவித்துள்ள அபிப்பிராயம் குறித்து 8ஆம் தேதி நேரில் ஆஜராகவும்.”

“நான் எப்ப எழுத்து மூலம் தெரிவிச்சேன்? எனக்குக் கையெழுத்துதானே போட வரும்?” என்றார் ஏகாம்பரம்.

“ஏதோ மாத்திப் போட்டுகினு கீறானுங்க. வா மாமா, நேர்ல போயி சொல்லிட்டு வந்துடலாம்” என்றான் கன்னையா.

இரண்டு பேரும் புத்தூரில் பஸ் மாறித் திருப்பதி போனார்கள்.

சிட்டிபாபு தலையைத் தூக்காமல் கேட்டார். “அல்லிக்கண்டிகை பிரதி எவரய்யா?”

“நான்தாங்க. கன்னையா.”

“கன்னையா லேது. ஏகாம்பரம்தான் கீது.”

“அவரு நாடகத்துல வேஷம் கட்டறவருங்க. ஊரு சார்பா வந்தவன் நானு.”

“ரிஜிஸ்டர்ல கன்னையாவை அடிச்சிருக்கு பாரு. அடிச்ச ஆளோட நான் பேசக்கூடாது.” ஏகாம்பரத்தைப் பார்த்தார். “நீ வாய்யா. எங்க மத்த ரெண்டு பேரு?”

“மத்த ரெண்டு பேரா?”

“பிரதி ஏகாம்பரம். அபிப்பிராயம், பிரதி மூணு. நீ ஒரே ஆளு வந்து நிக்கிற.”

“மூணு பிரதின்றது காயிதங்க” என்றான் கன்னையா. “அதுல மூணு வெச்சுதானே அனுப்பினேன்?”

“நான் சொல்லலப்பா. ரிஜிஸ்டர்ல கீது.”

“ரிஜிஸ்டர எழுதினது யாருங்க?”

“நான்தான்” என்றார் சிட்டிபாபு. “எழுதற வரைக்கும் நான் எழுதினது. எழுதினப்பறம் ரிஜிஸ்டர்.”

அரை மணி யோசனைக்குப் பிறகு சிட்டிபாபுவே ஒரு வழி சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எத்தனையோ பேருக்கு இப்படி வழி சொல்லியிருக்கிறார். ஏகாம்பரம் வெளியே போய் மூன்று தடவை உள்ளே வந்தார். ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு, மறுபடி வெளியே போனார். மூன்றாவது ஏகாம்பரத்தை, “முன்னாடியே வந்திருக்கலாம் இல்ல? மத்த ரெண்டு பேரும் எப்பவோ வந்தாச்சு” என்று சிட்டிபாபு கடிந்துகொண்டார்.

உள்ளே தனி அதிகாரி ஸௌரிராஜன் இருந்தார். மெலிந்த மனிதர், சுத்தமான மேஜை. ஏகாம்பரத்தைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் அதுவரை எந்தக் குடியானவனும் உட்கார்ந்ததில்லை. ஏகாம்பரம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கன்னையா வாசற்படியோடு நிறுத்தப்பட்டான்.

“அறுபத்துமூணு கிராமம் பார்த்தாச்சு” என்றார் ஸௌரிராஜன். “அபிப்பிராயம் சொல்லுங்கோன்னா எல்லாரும் அழறா. எங்க கோயில் அந்தப் பக்கம் போயிடும், எங்க ஏரி இந்தப் பக்கம் வந்துடும்னு. அழுகையை நான் எந்தக் கட்டத்திலே எழுதறது? படிவத்திலே அதுக்குக் கட்டம் கிடையாது. நீர் ஒருத்தர்தான் ஐயா விஷயத்தைப் பேசியிருக்கீர்.”

மேஜை மேலிருந்த காகிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“‘கேளுங்கள் குடிகளே! ஏரி என்பது நீர். நீர் ஓடும். கோடு ஓடாது. ஓடுவதற்காக ஓடாததை மாற்று என்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? இன்று நீங்கள் அழுவீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்களைவிடக் குறைவாக அழுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எதற்காக அழ வேண்டும் என்றே தெரியாது. அதற்குப் பெயர்தான் சமாதானம்!’”

படித்து முடித்துக் காகிதத்தை மேஜை விளிம்போடு நேராக வைத்தார்.

“சாமி” என்றார் ஏகாம்பரம். “அது நான் சொன்னது இல்லீங்க. சூத்திரகேது சொன்னது.”

“அவர் யாரு, உங்க ஊர்ப் பெரியவரா?”

“வில்லனுங்க. நாடகத்துல வர்ற கெட்ட ராஜா.”

“கெட்டவரா? என்ன பண்ணினார்?”

வாசலிலிருந்து கன்னையா சொன்னான். “ஏரிக்கு நடுவுல கோடு போட்டாருங்க. கழனியெல்லாம் காஞ்சி பூட்ச்சிங்க.”

“கோடு போட்டது அவர். காய்ஞ்சது கழனி. அது வேற விஷயம், இது வேற விஷயம். காயறதெல்லாம் விவசாய இலாகாவைச் சேர்ந்தது.” ஸௌரிராஜன் காகிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “முடிவிலே அவருக்கு என்ன ஆறது?”

“ஏரி ஒடச்சிகினு வந்து அடிச்சிகினு பூடுங்க.”

ஸௌரிராஜனின் முகம் வாடிவிட்டது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காகிதம் பறக்கிறதே என்பதற்காக அல்ல.

“இது அநியாயம்” என்றார். “கோபமில்லாத மனுஷன். யாரையும் அடிக்கலை, திட்டலை. அழறவாகிட்ட பொறுமையா காரணம் சொல்றார். இந்த அலுவலகத்திலே எனக்கு ஒருத்தர்கூட அப்படிக் கிடைக்கலை. அவரைப்போய் தண்ணியிலே தள்ளறேளே. அவர் பக்கத்து நியாயத்தை யாராவது கேட்டேளா? வில்லன்னு நீங்களே பேர் வெச்சுட்டா ஆச்சா?”

“ஐயா, அந்த வசனத்த உங்க நோட்டீசப் பாத்துதான் எழுதினேன்” என்றான் கன்னையா. திட்டுவதற்காகத்தான் சொன்னான்.

ஸௌரிராஜன் மகிழ்ச்சியோடு நிமிர்ந்தார். “அப்படியா? குடிகள் நோட்டீஸைப் படிக்கிறதே இல்லேன்னு சிட்டிபாபு சொல்லிண்டிருந்தாரே!”

கன்னையா கையோடு கொண்டுவந்திருந்த மனு நகலை நீட்டினான். ஏரியும் கழனியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்று அரைப் பக்கம். ஸௌரிராஜன் அதைத் தொடவில்லை. அல்லிக்கண்டிகையின் பிரதி ஏற்கெனவே மூன்று தடவை ஆஜராகிவிட்டது என்றார். ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. விதி பதினான்கின்படி, அபிப்பிராயம் எந்த நிலையில் சொல்லப்படுகிறதோ அதே நிலையில் சொல்லக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஆகவே ஏகாம்பரம் 22ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பயணியர் பங்களாவில் கிரீடம், அளவுக் கயிறு சகிதம் ஆஜராக வேண்டும்.

“நாடகத்த ராத்திரிலதானுங்க ஆடுவோம்” என்றார் ஏகாம்பரம்.

“எட்டரைக்கு மேலே எனக்குக் கண் சொருகிடும்” என்றார் ஸௌரிராஜன்.

ஊருக்குத் திரும்பியதும் தாட்சாயணி முழுக்கதையையும் கேட்டாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

“நாற்காலில ஒக்கார வெச்சாங்களா?”

“ஆமா.”

“அதான் மூஞ்சில தெரியுது.”

“சும்மா இரு தாட்சி. ஆனா ஒண்ணு. அந்த அதிகாரி படிக்கச் சொல்லோ கேட்டுகினு இருந்தேன். அந்த ராஜா சொல்றதும் ஒரு வகையில நாயமாத்தான் கீது. எங்கயாவது ஒரு எடத்துல கோடு போட்டுதானே ஆவணும்?”

“போடு. உன் ரெண்டாம் மதகு மேலயே போடு. அப்பறம் நாயத்தையே வடிச்சித் துன்னு.”

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போனார்.

கன்னையா ஒரு யோசனை சொன்னான். “மாமா, 22ஆம் தேதி நீ ஆட்டமே கெட்டுப்போற மாதிரி ஆடணும். ஒளறு. வசனத்த மற. கிரீடம் வுழுந்தாலும் வுழட்டும். நம்ம ராஜா மேல அவங்களுக்கு ஆச வுட்டுப் போவணும். அப்பறம் நான் மனுவக் குடுக்கறேன்.”

“ஒளர்றது இன்னா பெரிய வேலையா மச்சான்” என்றார் ஏகாம்பரம்.

“சத்தியமா?”

“ரெண்டாம் மதகு மேல சத்தியம்.”

22ஆம் தேதி பகல் பன்னிரண்டுக்குப் பயணியர் பங்களாவின் முற்றத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகமே வந்திருந்தது. வெயிலில் ஏகாம்பரத்தின் முகத்தில் அரிதாரம் வழிந்தது. கட்டைக் கிரீடம் சுட்டது. அவர் சொன்னபடியே ஆரம்பித்தார். முதல் வரியை முழுங்கினார். இரண்டாவது வரியை இரண்டு தடவை சொன்னார். அளவுக் கயிறு காலில் சிக்கியது. தூரத்தில் தூணோரம் நின்ற கன்னையா தலையை ஆட்டினான்.

அப்போது முன்வரிசையில் சிட்டிபாபு கொட்டாவி விட்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் ஏகாம்பரத்தின் முன்னால் யாரும் கொட்டாவி விட்டதில்லை. அவர் அந்தத் திறந்த வாயைப் பார்த்தார். வெற்றிலைக் காவி ஏறிய கடைவாய்ப் பல்வரை தெரிந்தது. சிட்டிபாபு நிதானமாக விட்டார். முடிவில் கையால் வாயை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். ஏகாம்பரம் கயிற்றைக் காலிலிருந்து விடுவித்தார். நிமிர்ந்தார்.

“கேளுங்கள் குடிகளே!”

பங்களாவின் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பின. வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை இரண்டடி பின்னால் போனது. சூத்திரகேது பேசினான். கோபமில்லாமல், அவசரமில்லாமல், அழுகிறவர்களின் மேல் உண்மையான இரக்கத்தோடு பேசினான். “உங்கள் ஏரியை நான் எடுக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உங்கள் கழனியை நான் எடுக்கவில்லை. அதுவும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் நான் போட்டது ஒரு கோடு. கோட்டுக்கு அகலம் இல்லை. அகலமே இல்லாத ஒன்று உங்களுக்கு என்ன கெடுதி செய்யும்?” ‘சமாதானம்’ என்ற சொல்லை எப்போதும் உறுமிச் சொல்வார். அன்று, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் மெல்லச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முடித்தபோது முப்பது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். சிட்டிபாபுவும் நின்றார். ஸௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

“முப்பது வருஷ உத்தியோகம்” என்றார். “கோடு போடறவன் மனசை ஒருத்தரும் பேசினதில்லை. எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பேசுவா, இல்லே அந்தப் பக்கம் நின்னு பேசுவா. கோட்டு மேலே நிக்கிறவன் தனியா நிக்கிறானேன்னு யாருக்காவது தோணித்தா? இன்னிக்கு இந்த மகாராஜாதான் அதைச் சொன்னார்.”

அங்கேயே பதிவு செய்யப்பட்டது. ‘அல்லிக்கண்டிகை: கரையின் மேல் கோடு. பிரதி. முழுமனதுடன் ஆதரிக்கிறது. காரணங்கள் தெளிவு.’

திரும்பும்போது பஸ்ஸில் கன்னையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாராயணவனம் தாண்டியதும் ஏகாம்பரம், “அவன் கொட்டாவி வுட்டான் மச்சான்” என்றார்.

“தெரியும்” என்றான் கன்னையா. “பாத்துகினுதான் இருந்தேன்.”

ஆகஸ்டில் சாவடிச் சுவரில் புது நோட்டீஸ் வந்தது. ‘கிராமப் பிரதி ஒருவரின் உயர்ந்த அபிப்பிராயம்’ என்று தலைப்பிட்டு, சூத்திரகேதுவின் வசனம் முழுவதும் அச்சாகியிருந்தது. அறுபத்துநான்கு கிராமங்களிலும் அது ஒட்டப்பட்டது. அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. கன்னையா தான் எழுதிய வசனத்தைச் சுவரில் படித்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நோட்டீஸிலிருந்து நாடகத்துக்கு வந்தது மறுபடி நோட்டீஸுக்குப் போய்விட்டது.

ஊரில் ஏகாம்பரத்தோடு பேசுவது குறைந்தது. கழனிக்குத் தண்ணீர் திருப்பப் போனால் பக்கத்து வரப்பிலிருந்து, “வாங்க மகாராஜா. கோட்டுக்கு அகலம் இல்லியாமே? தாண்டிகினு வர்றீங்களா?” என்பார்கள். தாட்சாயணி சோறு போடும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் அவரே கன்னையாவிடம் போனார். “மச்சான், நம்ம மனுவ ராஜா பேசற மாதிரி எழுதிக் குடு. ஏகாம்பரம் சொன்னா கேக்கமாட்டானுங்க. சூத்திரகேது சொன்னா கேப்பானுங்க.”

கன்னையா பாயை விரித்து உட்கார்ந்தான். பிறகு காகிதம் எடுத்தான்.

வேஷமில்லாமல் போனால் வாசலில் நிற்கும் டவாலிச் சேவகன் உள்ளே விடமாட்டான் என்று தெரியும். ஏகாம்பரம் அரிதாரம் பூசி, கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். கண்டக்டர் கிரீடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அலுவலக வாசலில் கிரீடத்தை வைத்துக்கொண்டதும் டவாலி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான். ஸௌரிராஜன் எழுந்து நின்றார்.

ஏகாம்பரம் உட்காரவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பேசினார்.

“கேளுங்கள் அதிகாரிகளே! நாம் போட்ட கோட்டை நாமே மாற்றுகிறோம். ஏரி இல்லாமல் கழனி இல்லை. கழனி இல்லாமல் குடிகள் இல்லை. குடிகள் இல்லாத நாட்டில் நாம் எதன்மீது கோடு போடுவோம்? ஆகவே ஏரியும் கழனியும் ஒரே பக்கம் இருக்கட்டும். எந்தப் பக்கம் என்று நாம் கேட்கவில்லை!”

நன்றாகத்தான் பேசினார். ஜூலையில் பேசியதைவிட ஒரு மாற்றுக் குறைவில்லை. ஆனால் ஸௌரிராஜன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல வித்துவான் சுருதி தப்பியதைக் கேட்டவர் ஆட்டுவதுபோல.

“இல்லை” என்றார். “சூத்திரகேது இப்படிப் பேசமாட்டார்.”

“நான்தானுங்க சூத்திரகேது.”

“வேஷம் உம்முது. மனசு அவருது. அழறவாளைப் பார்த்து மனசு மாறறவர் இல்லை அவர். அதுதானே அவர்கிட்ட இருக்கிற பெருமை? யாரோ உம்மைத் தூண்டிவிட்டிருக்கா. அவர் வாயிலே இதைப் போடறது அவருக்குச் செய்யற துரோகம் இல்லையோ?”

ஏகாம்பரம் கிரீடத்தைக் கழற்றினார். நெற்றியில் அதன் தழும்பு சிவந்திருந்தது. அந்த அறையில் முதல் தடவையாக அவருடைய சொந்தக் குரல் கேட்டது. அது சின்னக் குரல்.

“சாமி. நான் ஏகாம்பரம். ரெண்டாம் மதகுக்குக் கீழ ஒன்றரை ஏக்கரா கீது. அது ஒண்ணுதான் கீது. கரை மேல கோடு வந்தா மதகு யாரு கையில கீதோ அவன் தொறந்தாத்தான் தண்ணி. நான் அன்னிக்கு நல்லா ஆடிட்டேன். அவன் கொட்டாவி வுட்டான்னு ஆடிட்டேன். தப்புதான். அத்த அழிச்சிடுங்க சாமி.”

ஸௌரிராஜன் சிட்டிபாபுவைப் பார்த்தார். “யார் இவர்?”

சிட்டிபாபு ரிஜிஸ்டரைப் புரட்டி விரலை வைத்தார். “பிரதி, சார். பிரதி ஏகாம்பரம்.”

“பிரதின்னா அசல் யாரு?”

சிட்டிபாபு இணைப்புகளைப் பார்த்தார். வசனத்தின் மேல் பெயர் இருந்தது. “அசல் சூத்திரகேது, சார்.”

“பார்த்தீரா” என்றார் ஸௌரிராஜன், கனிவோடு. “அசல் சொன்னதைப் பிரதி எப்படி ஐயா திருத்த முடியும்?”

ஏகாம்பரத்தின் மனு, ‘பாத்திரத்துக்கு முரண்’ என்ற குறிப்போடு திருப்பித் தரப்பட்டது. மூன்று பிரதிகளும் திருப்பித் தரப்பட்டன.

நாடக அனுமதி மூன்று ஆடி மாதங்கள் பரிசீலனையில் இருந்தது. 1960ஆம் வருஷம் மார்ச் கடைசியில், அலுவலகம் மூடப்படுவதற்கு நாலு நாள் முன்னால் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கடைசிக் காட்சியில் ராஜா சாகக்கூடாது. குடிகள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இணைப்பாக, ஸௌரிராஜன் தம் கையால் எழுதிய புதிய முடிவு ஆறு பக்கம். அதில் ஏரி ராஜாவை வணங்கி விலகிப் போகிறது. கன்னையா அதைப் படித்துவிட்டு அக்கா வீட்டு அடுப்பங்கரையில் கொடுத்தான். தாட்சாயணி அன்று காலை அதில் வெந்நீர் வைத்தாள்.

1960ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி புது எல்லை நடைமுறைக்கு வந்தது. அல்லிக்கண்டிகையில் கோடு கரையின் மேல் போனது. ஏரி ஆந்திராவில் நின்றது. கழனி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. மதகின் சாவி ஏரியோடு போனது. தண்ணீர் கேட்டு ஏகாம்பரம் கன்னையாவைக் கொண்டு இரண்டு பக்கமும் எழுதிப் போட்டார். இந்தப் பக்கத்து அலுவலகம், மதகு தன்னுடையது அல்ல என்று பதில் போட்டது. அந்தப் பக்கத்து அலுவலகம், கிராமத்தின் சம்மதம் ஏற்கெனவே பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்டி, அதன் பிரதி ஒன்றை அனுப்பி வைத்தது.

அந்த வருஷம் இரண்டாம் மதகு திறக்கவில்லை. அதன் கீழே நடவு இல்லை. ஆவணி மாதம் ஏகாம்பரம் நாயுடுபேட்டையில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தார்.